நாக்கில் படியும் வெள்ளை: வாய்ப் பூஞ்சை எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகும்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை பயம் உச்சத்தில் இருந்தபோது, பாட்னாவிலிருந்து 'வெள்ளைப் பூஞ்சை' என்று ஒரு செய்தி கிளம்பியது. ஓரிரு நாளில் நம் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. கறுப்பைவிட வெள்ளைதான் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வேறு சுற்றியது. அந்த வெள்ளைப் பூஞ்சையின் பெயர் கேண்டிடா. குழந்தை மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் அடிக்கடி பார்க்கிற பழைய ஆள்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியின் ரத்தத்தில் அது கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அது வேறு விவகாரம். வாயில் வருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வார மருந்தில் போய்விடும்.

ஆனால் அந்தப் பரபரப்பில் ஒரு விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதிக அளவில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், சர்க்கரை எகிறியவர்கள், இவர்களிடம்தான் பூஞ்சைகள் தலைதூக்கின. வாய்ப் பூஞ்சையைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான வாசல். அது வந்தால் 'எங்கிருந்து ஒட்டியது' என்று தேடுவதைவிட 'இப்போது ஏன் வந்தது' என்று கேட்பதே முக்கியம்.

ஏனென்றால் அது வெளியிலிருந்து வருவது அரிது. கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இந்த ஈஸ்ட், ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரின் வாயில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. இதைப் படிக்கிற உங்கள் நாக்கிலும் இருக்கலாம். அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. உருண்டையான சிறு செல்களாக, பாக்டீரியாக் கூட்டத்துக்கு நடுவே ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகும்.

சூழ்நிலை தோதாக மாறினால் அதன் உருவமே மாறுகிறது. உருண்டைச் செல்லிலிருந்து நீண்ட இழைகள் கிளம்பி, கன்னத்தின் உட்புறத் தோலுக்குள் துளைத்துக்கொண்டு போகும். அந்த இழைகள் ஒரு நச்சுப் புரதத்தையும் சுரக்கின்றன. கேண்டிடாலைசின் என்ற அந்தப் புரதத்தை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டது 2016-ல்தான். அதுவரை இந்தப் பூஞ்சை எப்படிச் செல்களை உடைக்கிறது என்பது தெளிவாகத் தெரியாமலே இருந்தது. நாம் பார்க்கும் வெள்ளைப் படலம் முழுக்கப் பூஞ்சை அல்ல. பூஞ்சை இழை, உதிர்ந்த தோல் செல்கள், உணவுத் துணுக்கு எல்லாம் சேர்ந்த கலவை. தயிர் ஏடு மாதிரி இருக்கும். ஒரு பஞ்சுத் துணியால் அழுத்தித் துடைத்தால் வரும். அடியில் சிவந்த தோல் தெரியும், சில சமயம் ரத்தமும் கசியும்.

இதைத் தடுத்து வைத்திருப்பவை என்னென்ன? முதலில் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது. பூஞ்சையைக் கழுவி உள்ளே தள்ளுவதோடு, அதைக் கொல்லும் ஹிஸ்டாட்டின் போன்ற புரதங்களும் அதில் இருக்கின்றன. அடுத்தது வாயில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள். இடத்தையும் சாப்பாட்டையும் அவை பங்கு போட்டுக்கொள்வதால் பூஞ்சைக்குப் பெருக வழியில்லை. மூன்றாவது, ரத்த வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு. டி-எச் 17 என்ற இந்த அணுக்கள்தான் வாய்த் தோலைக் காவல் காக்க மற்ற அணுக்களைக் கூப்பிடுகின்றன. பிறவியிலேயே இந்தக் கூப்பிடும் வேலை சரியாக நடக்காதவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வாயிலும் நகத்திலும் பூஞ்சை வந்துகொண்டே இருக்கும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கேண்டிடாவுக்குக் கொண்டாட்டம்.

பச்சைக் குழந்தைகளுக்கு

அதிகம் பயப்படுவது இளம் தாய்மார்கள்தான். குறைவாகப் பயப்பட வேண்டியதும் அவர்கள்தான். முதல் சில மாதங்களில் குழந்தையின் எதிர்ப்புச் சக்தியும் வாய்ப் பாக்டீரியாக்களும் இன்னும் நிலைபெறவில்லை. பிரசவத்தின்போது தாயின் பிறப்புறுப்பில் இருக்கும் கேண்டிடா குழந்தையின் வாய்க்குப் போவதும் சகஜம். கிராமத்துப் பாட்டிகள் 'அக்கரம்' என்பார்கள்.

பால் படிந்ததா, பூஞ்சையா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பால் வெள்ளை பெரும்பாலும் நாக்கில் மட்டும் இருக்கும், ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். பூஞ்சை என்றால் கன்னத்தின் உள்பக்கம், ஈறு, உதட்டின் உள்மடிப்பு என்று திட்டுத் திட்டாக இருக்கும், லேசாகத் துடைத்தால் போகாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் விலகி அழுவது, டயப்பர் பகுதியில் சிவந்த தடிப்பு ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

இங்கே நம் வீடுகளில் நடக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டும்போது காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தி, விரலில் துணியைச் சுற்றி, நாக்கை அடித்தொண்டை வரை வழித்து எடுக்கும் பழக்கம். வெள்ளை போகிறதே என்று பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். உண்மையில் தோல் உரிந்து, பூஞ்சை இழை இன்னும் சுலபமாக உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. அதைவிட மோசம், வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது. வெங்காரம் என்பது போராக்ஸ். குழந்தையின் உடம்பில் அது சேர்ந்தால் வலிப்பு வரை கொண்டுபோகும். சூப்பானில் போராக்ஸ் கலந்த தேன் தடவிக் கொடுத்துக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தேன் தனியாகவும் ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஆகாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் பெரியவர்களின் குடலில் ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும். பாட்டி வைத்தியம் எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. இந்த இரண்டும் தப்பு.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்தையோ மவுத் பெயின்ட்டையோ சுத்தமான விரலாலோ பஞ்சாலோ படலம் இருக்கும் இடத்தில் தடவினால் போதும். பால் கொடுத்த பிறகு தடவ வேண்டும், முன்பு தடவினால் பாலோடு அடித்துக்கொண்டு போய்விடும். தாய்க்கும் காம்பில் எரிச்சலும் மினுமினுப்பான சிவப்பும் இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் மருந்து தேவைப்படும். இல்லையென்றால் மாற்றி மாற்றித் தொற்றிக்கொள்ளலாம். ஆனால் காம்பு வலி எல்லாமே பூஞ்சை அல்ல. குழந்தை சரியாகக் கவ்வாமல் குடிப்பதுதான் பெரும்பாலும் காரணம், முதலில் அதைப் பார்க்க வேண்டும். பால் புட்டியின் ரப்பர், சூப்பான், வாயில் வைக்கும் பொம்மை எல்லாவற்றையும் தினமும் கொதிக்க வைத்துக் கழுவுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

இன்ஹேலர், பல்செட், வறண்ட வாய்

பெரியவர்களுக்கு வந்தால் காரணம் அநேகமாக அவர்கள் கையிலேயே இருக்கும். ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்தில் இரண்டு வகை உண்டு. மூச்சுத் திணறும்போது உடனே இழுக்கும் சால்பியூட்டமால். தினமும் காலை மாலை இழுக்கும் பியூடெசோனைட், ஃப்ளூட்டிகாசோன் போன்ற ஸ்டீராய்டு. பூஞ்சைக்கு வழி விடுவது இரண்டாவது. ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழல்) இல்லாமல் அடிக்கும் பம்ப்பில் பாதிக்கு மேற்பட்ட மருந்து நுரையீரலுக்குப் போகாமல் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடுகிறது. அங்கே உள்ள எதிர்ப்புச் சக்தியை அது மட்டுப்படுத்துகிறது. குரல் கம்முவதும் பல சமயம் இதனால்தான்.

சரி, அதற்காக இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்றால், கூடவே கூடாது. வாயில் வெள்ளை வந்ததென்று நிறுத்திவிட்டு, நடுராத்திரியில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற கதை புதிதல்ல. ஸ்பேசர் வழியாக இழுங்கள். இழுத்து முடித்ததும் தண்ணீரைத் தொண்டை வரை விட்டுக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். பல் துலக்குவதற்கு முன்பு இன்ஹேலர் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் கொப்பளிப்பது தானாக நடந்துவிடும்.

பல்செட் போடும் தாத்தா பாட்டிகளுக்கு வருவது வேறு தினுசு. வெள்ளையே இருக்காது. மேல் பல்செட்டைக் கழற்றிப் பார்த்தால், அது மூடியிருந்த இடம் முழுக்க, செட்டின் விளிம்பை வரைந்தது போல, அண்ணம் சிவந்திருக்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் சொல்வதில்லை. பூஞ்சை அங்கே தோலில் இருப்பதைவிட பல்செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இருக்கும் நுண்ணிய குழிகளில்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. வாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு அதே செட்டை மாட்டினால் திரும்ப வருகிறது என்று அலுத்துக்கொள்ளத்தான் முடியும். ராத்திரி கழற்றி வைத்துவிட்டுத் தூங்க வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்த்து, பல் டாக்டர் சொல்லும் கரைசலில் ஊறவைக்க வேண்டும். தளர்ந்து ஆடும் செட்டை மாற்றிக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

வாயின் இரண்டு ஓரங்களிலும் வெடித்து, கொட்டாவி விட்டால் கிழிகிறதே, அதிலும் பல சமயம் கேண்டிடா இருக்கும். நம் ஊரில் வாயில் எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை. ரத்தசோகையோ பி வைட்டமின் குறைவோ இருந்தால் அது உதவும், இல்லாதவருக்கு அந்த மாத்திரையால் பயனில்லை. பல் தேய்ந்தோ பல்செட் தளர்ந்தோ வாய் உள்வாங்கி, ஓரங்களில் எச்சில் தேங்கி நிற்பதுதான் வயதானவர்களுக்கு அடிப்படைக் காரணமாக இருப்பதுண்டு.

ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று சாப்பிட்ட பிறகு நாக்கு சிவந்து, ரசம் சாதம்கூடக் காரமாக எரிந்தால், பாக்டீரியாக்கள் ஒழிந்து பூஞ்சை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ சாப்பிடும் அமிட்ரிப்டிலின், சளிக்குச் சாப்பிடும் சில அலர்ஜி மாத்திரைகள் வாயை வறட்டிவிடும். கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு எச்சில் சுரப்பிகளே பாதிக்கப்படும். கீமோதெரபி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காரணமே தெரியாமல் வந்தால்

மேலே சொன்ன எதுவும் இல்லை, நடுத்தர வயது, வாயெல்லாம் வெள்ளை என்றால், மருந்து கேட்பதற்கு முன் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். முதலில் சர்க்கரை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது எச்சிலிலும் குளுக்கோஸ் கூடுகிறது, வாயும் வறள்கிறது, வெள்ளையணுக்களும் மந்தமாகின்றன. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களில் சிலருக்கு முதல் துப்புக் கொடுப்பது நாக்குதான்.

அடுத்தது எச்ஐவி. இதைச் சொன்னதும் முகம் மாறுகிறவர்கள் உண்டு, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்ததாக ஒரு சிறு அறிக்கை வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் பதிவு அது. அந்த ஐந்து பேருக்கும் கேண்டிடாத் தொற்றும் இருந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் பரிசோதிக்கப்பட்டன. எச்ஐவி கிருமி அழிப்பது சிடி4 என்ற வெள்ளையணுக்களை; அவற்றில் முன்பு சொன்ன டி-எச் 17 காவலர்களும் அடக்கம். அதனால்தான் எதிர்ப்புச் சக்தி சரிகிறபோது வாய் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. விடாமல் நீடிக்கும் வாய்ப் பூஞ்சையை உலக சுகாதார நிறுவனம் எச்ஐவியின் மூன்றாம் கட்ட அறிகுறியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கி, விழுங்கும்போது நெஞ்சு வலித்தால் அது நான்காம் கட்டம். இப்போது அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும், ஏஆர்டி மையங்களில் மருந்தும் இலவசம். மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி ஏறினால் பூஞ்சையும் பின்வாங்கும்.

மருந்துக் கடையில் என்ன வாங்குகிறோம்

"நாக்கெல்லாம் வெள்ளையா இருக்கு, எரியுது, ஏதாவது குடுங்க." இப்படிக் கேட்டால் பல கடைகளில் கிடைப்பது பி-காம்ப்ளக்ஸும் ஒரு வாய்ப்புண் ஜெல்லும். சாதாரண வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் சில பேஸ்ட்களில் ட்ரையாம்சினோலோன் இருக்கும். அது ஸ்டீராய்டு. பூஞ்சை மேல் அதைத் தடவுவது அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. குழியாக, வட்டமாக, விளிம்பு சிவந்து, ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் அது வாய்ப்புண்; படலமாகப் பரவியிருந்தால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள்.

பூஞ்சைக்கு என்று வந்த மருந்துகளில் மூத்தது நிஸ்டாட்டின், அதற்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்திலும், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் ஆல்பனியிலும் வேலை பார்த்தார்கள். பென்சிலின் வந்து பாக்டீரியாக்களை ஒழித்த வேகத்தில் பூஞ்சைத் தொற்று கூடிக்கொண்டிருந்த காலம். ஹேசன் பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பித் தபாலில் அனுப்புவார். வர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணில் கிடைத்தது ஜெயித்தது. 1950-ல் அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரையே மருந்துக்கு வைத்தார்கள். ராயல்டியாக வந்த 1.3 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966-ல் ஃப்ளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பூசணம் பிடித்த ஓவியங்களைக் காப்பாற்றவும் இதே மருந்து பயன்பட்டது.

நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதில்லை. அதுதான் அதன் பாதுகாப்பு, அதுதான் அதன் குறையும். பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். எனவே டானிக் மாதிரி மடக்கென்று விழுங்கிவிட்டால் பிரயோஜனமில்லை. பெரியவர்கள் 4 முதல் 6 மில்லி, ஒரு நாளைக்கு நான்கு வேளை, முடிந்த மட்டும் வாயில் சுழற்றி வைத்திருந்துவிட்டு விழுங்க வேண்டும், பல்செட்டைக் கழற்றிவிட்டு. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் இதுவும் ஒன்றையொன்று முறித்துவிடும், அதனால் இரண்டுக்கும் இடைவெளி விடுங்கள். நம் ஊரில் இதைவிடச் சுலபமாகக் கிடைப்பது 1 சதவீத குளோட்ரிமாசோல் மவுத் பெயின்ட். அதற்கும் அதே விதிதான். வெள்ளை மறைந்த அன்றே நிறுத்திவிடாமல் இன்னும் இரண்டு நாளாவது தொடர வேண்டும். மொத்தத்தில் 7 முதல் 14 நாள். ஒரு காலத்தில் தடவிய ஊதா மருந்து, ஜென்ஷன் வயலட், பூஞ்சையைக் கொல்லும் என்பது உண்மை. புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கனடா 2019-ல் எச்சரித்ததிலிருந்து அதற்கு மவுசு குறைந்துவிட்டது.

இதில் அடங்காவிட்டால், அல்லது எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால், ஃப்ளூகோனசோல். இங்கேதான் கவனம் வேண்டும். பெண்களின் வெள்ளைப்படுதலுக்கு 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை என்பது பலருக்கும் பழக்கமானது. அதையே வாய்க்கும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வாய்க்கு வழக்கமான அளவு தினம் 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள். இத்தனை நாள் சாப்பிடும்போது மற்ற மாத்திரைகளோடு அது மோதும். கிளிமிப்பிரைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கு அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கும் இதய நோயாளிக்கு ரத்தக் கசிவு வரலாம். வாயில் தடவும் மைகோனசோல் ஜெல்லுக்கும் இந்த வார்ஃபரின் எச்சரிக்கை பொருந்தும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் சிலவற்றோடும் ஆகாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அரைகுறையாகச் சாப்பிட்டு நிறுத்துவதில் இன்னொரு சிக்கல்: எதிர்ப்புப் பெற்ற கேண்டிடா வகைகள் மிஞ்சும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலின் மேல் அடுக்கில் கேண்டிடா அல்பிகன்ஸும் இருக்கிறது.

வீட்டு வைத்தியத்தில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், தாராளமாகக் கொப்பளிக்கலாம். தேங்காய் எண்ணெய் ஆய்வகத் தட்டில் கேண்டிடாவை அடக்குகிறது; வாயில் மருந்துக்கு மாற்றாக நிற்கும் என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. சிகிச்சை முடிந்ததும் பழைய டூத்பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை. அனுபவமுள்ள டாக்டருக்குப் பார்த்தாலே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இழைகள் தெரிந்தால் நோய். கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வெறும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'கேண்டிடா வளர்ந்தது' என்று வந்தால் மிரள வேண்டாம், சும்மா குடியிருப்பதும் அங்கே வளரத்தான் செய்யும்.

துடைத்தால் வராத வெள்ளைக்கு மட்டும் வேறு கணக்கு. வெற்றிலை பாக்கு, ஹான்ஸ், குட்கா, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவரின் கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ, சுரண்டினாலும் அசையாத வெள்ளைத் திட்டு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் அது லூகோபிளேக்கியாவாக இருக்கலாம், புற்றுநோய்க்கு முந்தைய நிலை. கேண்டிடாவே அப்படி ஒட்டிக்கொண்டு தடிக்கும் வகையும் உண்டு, புகைப்பவர்களுக்கு உதட்டோரத்துக்கு உள்பக்கம் வரும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. மவுத் பெயின்ட் வாங்கி மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் ஒரு சிறு துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.